மறுக்க இயலாதவரின் அன்பு: ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டில் தோழமையும் காதல் தேர்வும்

முன்னுரை

மறுக்கும் உரிமை இல்லாத ஒருவர் தரும் அன்பு அன்பாகுமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அடிமையின் பணிவையும் அஞ்சியவரின் இசைவையும் அன்பென்று எவரும் கொள்வதில்லை. ‘ஆம்’ என்னும் சொல் பொருள் பெறுவது, ‘இல்லை’ என்று சொல்லும் வாய்ப்பு அதற்குப் பின்னே நிற்பதால்தான். இவ்வினாவைக் கணினி விளையாட்டு என்னும் புதிய கதைவடிவத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆய்வுக்களமாக அமைவது ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் அறிவியல் புனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டாகும். கனடா நாட்டின் எட்மண்டன் நகரில் இயங்கும் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய இதன் மூன்று பகுதிகள் முறையே 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. மூன்றும் சேர்ந்த மெருகூட்டிய பதிப்பு 2021இல் வந்தது. போரும் விண்பயணமும் இதன் புறக்கதை. ஆயினும் ஆடியவர்கள் பல ஆண்டுகள் கழிந்தும் விவாதிப்பவை, தமக்கு உவந்த தோழர் யார், காதலுக்கு யாரைத் தேர்ந்தனர், யாரை இழந்தனர் என்பவையே. இவ்விவாதத்தைப் பொழுதுபோக்கின் எச்சம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அன்பை ஒரு தேர்வுப் பட்டியலாக முன்வைக்கும் கதை, அன்பைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதே ஆய்வுக்கு உரிய செயல்.

தமிழாய்வாளர்க்கு இவ்வினாவில் தனித்த உரிமை உண்டு. அன்பு ஒருதலைப்பட்டதா, ஒத்ததா, பொருந்தாததா என்று வகுத்து இலக்கணம் செய்த மரபு நம்முடையது. அம்மரபின் கலைச்சொற்கள் இப்புதிய களத்தில் எந்த அளவிற்குப் பயன்படுகின்றன என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

விளையாட்டின் அமைப்பு

கதைத்தலைவர் ஷெப்பர்ட் என்னும் படைத்தளபதி. அவர் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். ‘நார்மண்டி’ என்னும் விண்கலத்தில் பல கோள்களையும் பல இனங்களையும் சேர்ந்த தோழர்கள் அவருடன் பயணம் செய்கின்றனர். முதல் பகுதியில் தோழர் அறுவர்: மனிதர்களான ஆஷ்லியும் கெய்டனும், துரியன் இனத்தைச் சேர்ந்த கேரஸ், க்ரோகன் இனத்தைச் சேர்ந்த ரெக்ஸ், குவாரியன் இனத்தைச் சேர்ந்த டாலி, அசாரி இனத்தைச் சேர்ந்த லியாரா. இரண்டாம் பகுதியில் இத்தொகை பன்னிருவர் வரை உயர்கிறது. ஒவ்வொரு களப்பணிக்கும் இருவரை மட்டுமே உடன் அழைத்துச் செல்லலாம். ஏனையோர் கலத்திலேயே தங்கிவிடுவர்.

பணிகளுக்கு இடையே கலத்தில் நடந்து தோழர்களோடு உரையாடலாம். திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றிச் சில குறுந்தொடர்கள் தோன்றும். அவற்றுள் ஒன்றை ஆடுபவர் தேர்ந்தெடுத்தால் ஷெப்பர்ட் அக்கருத்தை வேறு சொற்களில் முழுமையாகப் பேசுவார். ஆகவே ஆடுபவர் தேர்வது சொல்லை அன்று, சொல்லின் நோக்கத்தை. பேச்சின் வடிவத்தை எழுத்தாளரும் குரல் நடிகரும் முன்னரே முடிவு செய்துவிட்டனர். இவ்வுரையாடல்கள் படிப்படியாக வளர்ந்து, சில தோழர்களிடத்துக் காதலாகக் கனிகின்றன. ஒரு பகுதியில் செய்த தேர்வுகளைச் சேமித்து அடுத்த பகுதிக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பது இவ்விளையாட்டின் சிறப்புக்கூறு. 2007இல் வெளியான பகுதியில் இறக்கவிட்ட தோழர் 2012இல் வெளியான பகுதியிலும் இறந்தவராகவே இருக்கிறார்.

பெயர் குறித்த ஒரு செய்தி இங்குச் சுட்டத்தக்கது. ஷெப்பர்ட் என்பது குடும்பப்பெயர். முற்பெயரை ஆடுபவர் தம் விருப்பப்படி இடலாம். ஆனால் கதை முழுவதிலும் அம்முற்பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை. காதலரும் ‘ஷெப்பர்ட்’ என்றே அழைக்கின்றனர். குரல்கள் முன்னரே பதிவு செய்யப்பட்டமையால் நேர்ந்த தொழில்நுட்பத் தேவை இது. எனினும் இதன் விளைவு நமக்குப் பழக்கமானது. அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் நீங்கிய இடத்தில் எவரும் வந்து நிற்கலாம் என்பது அவ்விதியின் பயன்களுள் ஒன்று. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. அகப்பாடலில் தலைவன், தலைவி, தோழி என அனைவருமே பெயரற்றவர்கள். இவ்விளையாட்டிலோ காதலிப்பவர் பெயரற்றவர். காதலிக்கப்படுபவர் பெயரும் குலமும் வரலாறும் உடையவர். ஒருபுறம் எவரும் புகுந்து நிரப்பக்கூடிய வெற்றிடம். மறுபுறம் முழுமையாக எழுதி முடிக்கப்பட்ட பாத்திரம். இச்சமமின்மையிலிருந்தே நம் அறவினா தொடங்குகிறது.

எதிர்மொழியும் எதிர்மனமும்

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாகப் பகுத்து, கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் நிறுத்துகிறார். கைக்கிளையை விளக்குமிடத்து, காம உணர்வு முதிராத இளையவளிடம் காதல் கொண்டு, தன் சொல்லுக்கு மறுமொழி பெறாமலேயே சொல்லிச் சொல்லி இன்புறும் ஒருவனின் நிலையை அவர் காட்டுகிறார். மறுமொழி இன்மையே அங்கு ஒருதலைமையின் அடையாளம்.

புதினத்தைப் படித்து அதன் மாந்தர்மீது அன்பு கொள்ளும் வாசகரின் நிலையைக் கைக்கிளையோடு ஒப்பிடலாம். வாசகர் எவ்வளவு அன்பு கொண்டாலும் பாத்திரம் அவரை நோக்கித் திரும்பிப் பேசாது. விளையாட்டிலோ பேசுகிறது. நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்துப் பேசுகிறது. நாம் செய்த உதவிக்கு நன்றி சொல்கிறது. நம் செயலைக் கண்டித்து முகம் திருப்புகிறது. மறுமொழி இல்லை என்பதே கைக்கிளையின் இலக்கணமாயின் இது கைக்கிளை ஆகாது. அதற்காக இதை ஒத்த காமம் எனவும் கூறுதற்கில்லை. இங்கு எதிர்மொழி உண்டு, எதிர்மனம் இல்லை. இதனை மறுமொழி பெற்ற கைக்கிளை எனலாம்.

அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில், உயிரற்ற பொருளிடம் ஒருவர் கொள்ளும் விருப்பை நட்பென்று கூறுவதில்லை என்கிறார். மதுவை விரும்புபவர் மதுவின் நலத்தை நாடுவதில்லை. மதுவும் அவருடைய நலத்தை நாட இயலாது. இருபுறமும் நலம் நாடுதல் இல்லாத இடத்தில் நட்பு என்னும் சொல் பொருந்தாது என்பது அவர் கருத்து. இவ்வளவுகோலால் அளந்தால் கேரஸிடமும் டாலியிடமும் ஆடுபவர் கொள்ளும் அன்பு மதுவின்மேல் கொண்ட விருப்பின் வகையினதே ஆகும். ஆனால் இம்முடிவு அனுபவத்தோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. மதுவின் நலத்தை எவரும் நாடுவதில்லை. டாலியின் நலத்தையோ ஆடுபவர் நாடத்தான் செய்கிறார். அவள் இறவாதிருக்கும் பொருட்டுப் பல மணிநேர ஆட்டத்தை அழித்து மீண்டும் தொடங்குவோர் உளர். ஆகவே ஒருபுறத்திலேனும் நலம் நாடுதல் இருக்கிறது. அந்நாட்டம் எத்தகையது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

உவந்த தோழரும் தகுந்த தோழரும்

ஒருவரை உவந்தவராகக் கொள்ளுதல் தீங்கற்ற செயலாகவே தோன்றும். இவ்விளையாட்டு அதற்கு ஒரு விலை வைக்கிறது. இரண்டாம் பகுதியின் இறுதிப்பணி உயிர் மீளுதல் அரிது என்று முன்னரே அறிவிக்கப்பட்ட பணி. அதில் ஒருவர் குறுகிய குழாய்வழியே சென்று கதவுகளைத் திறக்கவேண்டும். மற்றொருவர் இரண்டாவது அணியை நடத்தவேண்டும். பொறிநுட்பம் அறிந்த டாலியையோ லீஜியனையோ முதற்பணிக்கும், படை நடத்திப் பழகிய கேரஸையோ மிராண்டாவையோ இரண்டாவதற்கும் அனுப்பினால் அனைவரும் பிழைக்க வழியுண்டு. அன்புக்குரியவர் என்னும் ஒரே காரணத்தால் தகுதியற்றவரை அனுப்பினால் அவரோ அவரை நம்பிச் சென்றவரோ இறப்பர்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் (51), தெரிந்து வினையாடல் (52) என அடுத்தடுத்து அமைந்த அதிகாரங்கள் இவ்விடத்து நினைவுகூரத்தக்கன. அன்புடைமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியவேண்டியதை அறியாதவரைத் தெளிதல் பேதைமை என்பது வள்ளுவரின் எச்சரிக்கை. அரசியலுக்கு உரைத்த அக்கருத்து இங்குத் தோழமைக்கும் பொருந்துகிறது. ஒருவரை உவத்தல் வேறு, அவரை அறிதல் வேறு. அவருடைய ஆற்றலையும் ஆற்றாமையையும் அறியாமல் கொண்ட உவகை, அவருடைய உயிரைக் காப்பதற்கும் உதவாது. எனவே நலம் நாடுதல் என்பது அறிதலைக் கோருகிறது என்னும் உண்மையை விளையாட்டு தன் விதிகளின் வழியாகவே உணர்த்துகிறது எனலாம்.

முதல் பகுதியில் வரும் விர்மைர் என்னும் கோளின் நிகழ்வு இதனினும் கடினமானது. ஆஷ்லியும் கெய்டனும் வெவ்வேறு இடங்களில் சிக்கியுள்ளனர். ஒருவரையே காக்க முடியும். ஆடுபவர் அவ்விருவருள் ஒருவரைக் காதலித்திருக்கலாம். காதலுக்குரியவரைக் காத்தால் மற்றவரைக் காதலின் பொருட்டே கைவிட்டதாகாதா என்னும் வினா எழும். காதலரைக் கைவிட்டால் நடுநிலையை மெய்ப்பிக்க ஓர் உயிரைப் பணயம் வைத்ததாகாதா என்னும் வினா எழும். இதற்குச் சரியான விடை இல்லை. விளையாட்டும் எத்தேர்வுக்கும் பரிசு தரவில்லை. பிழைத்தவர் மகிழ்வதற்கு மாறாக, மற்றவர் விட்டுவிடப்பட்டதை எண்ணி வருந்துகிறார்.

இன்னுமொன்றும் இங்கே கருதத்தக்கது. ஷெப்பர்ட் இவ்விருவருக்கும் மேலதிகாரி. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமைகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பத்தாக வகுக்கிறது. அப்பட்டியல் நம் காலத்திற்கு அப்படியே பொருந்தாது. குடியும் திருவும் ஒத்திருக்கவேண்டும் என்பதை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆனால் ஒப்பில்லாத இடத்தில் காதல் எளிதில் ஆதிக்கமாகத் திரியும் என்னும் உள்ளுணர்வு அதன் அடியில் உள்ளது. எவரைச் சாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் அதிகாரம் உடையவரும் அவ்வதிகாரத்திற்கு உட்பட்டவரும் காதலிக்கும்போது அவ்வொப்புமை எங்கே இருக்கிறது? படைவிதிகள் இத்தகைய உறவை விரும்பா என்பதைக் கதை தொட்டுக்காட்டுகிறது. ஆனால் தொட்ட வேகத்திலேயே கடந்தும் விடுகிறது.

பண்டமாற்றாகும் அன்பு

இவ்விளையாட்டின்மீது வைக்கத்தக்க வன்மையான குற்றச்சாட்டு, அது அன்பைப் பண்டமாற்றாக்குகிறது என்பதாகும். இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு தோழர்க்கும் தனிப்பட்ட கடமை ஒன்று உண்டு. அதனை முடித்துத் தந்தால் அத்தோழரின் பற்றுறுதி கிடைக்கும். பற்றுறுதி கிடைத்தால் இறுதிப்பணியில் அவர் பிழைக்கும் வாய்ப்பு மிகும். உதவி செய்வது உதவியின் பொருட்டா, பயனின் பொருட்டா என்பது மங்கிப்போகிறது. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளாமல் எப்போதும் நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என 1785இல் காண்ட் எழுதிய நெறியோடு இது முரண்படுவது வெளிப்படை.

டாலியின் கடமை இக்குற்றச்சாட்டின் கூர்மையை நன்கு காட்டும். அவள் தன் மக்களின் நீதிமன்றில் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறாள். அவளைக் குற்றமற்றவளாக்கும் சான்று ஷெப்பர்டிடம் கிடைக்கிறது. ஆனால் அது இறந்த அவள் தந்தையின் பழியை வெளிப்படுத்திவிடும். சான்றைக் காட்டவேண்டா என்று அவள் கெஞ்சுகிறாள். உண்மையைச் சொன்னால் அவள் நாடுகடத்தலினின்று தப்புவாள், ஆனால் பற்றுறுதி போய்விடும். மறைத்தால் பற்றுறுதி நிற்கும், ஆனால் அவள் நாடிழப்பாள். வாய்மைக்கும் வாக்குறுதிக்கும் இடையிலான மெய்யான அறச்சிக்கல் இது. ஆயினும் ஷெப்பர்டின் நற்பெயரோ வன்பெயரோ போதிய அளவு வளர்ந்திருந்தால் மூன்றாவது வழியொன்று திரையில் நீலத்திலோ சிவப்பிலோ தோன்றும். அதைத் தேர்ந்தால் சான்றும் வெளிவராது, அவளும் விடுதலை பெறுவாள், பற்றுறுதியும் நிற்கும். அறச்சிக்கல் அவ்விடத்தே கரைந்துபோகிறது. மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும் இடத்திலும் இதே நிலைதான். ஒருவர் பக்கம் நின்றால் மற்றவரின் பற்றுறுதியை இழக்கவேண்டும். புள்ளிகள் போதுமானால் இருவரையும் அடக்கிவிடலாம்.

புள்ளிகள் நிறைந்தால் எவரும் மறுக்கார் என்னும் விதி அமையுமிடத்தில் தோழர் தம் மனத்தை இழக்கிறார். அன்பு அங்கே திறமைக்குக் கிடைக்கும் கூலியாகிறது. விளையாட்டின் மெலிந்த பகுதி இதுவே.

2008 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி இவ்விளையாட்டைக் கண்டித்து ஒரு விவாதம் நடத்தியது. முதல் பகுதியில் வரும் மிகக் குறுகிய கூடற்காட்சியே அதன் பொருள். காட்சியின் ஒழுக்கத்தைப் பற்றி அன்று பேசியவர்கள், அக்காட்சியை அடையும் வழியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. கூடல் காட்டப்பட்டதா என்பதைவிட, கூடல் தவறாமல் கிடைக்கும் பரிசாக வைக்கப்பட்டதா என்பதே அறவியல் நோக்கில் முதன்மையான வினா.

மறுப்பின் இடங்கள்

ஆயினும் இவ்விளையாட்டு முழுவதையும் இக்குற்றச்சாட்டினுள் அடக்கிவிட முடியாது. தோழர்கள் மறுக்கும் இடங்கள் பல இதில் உள்ளன. அவையே ஆடியவர் நெஞ்சில் ஆழமாகத் தங்கியவையும் ஆகும்.

முதலாவது, ஜாக். சிறுவயதிலிருந்தே கொடுமைக்கு ஆளாகி, எவரையும் நம்பாதவளாக வளர்ந்தவள் அவள். தொடக்கத்திலேயே உறவற்ற கூடலுக்கு அவள் வழிவிடுகிறாள். ஆடுபவர் உடனே இசைந்தால் காதற்கதை அத்துடன் முடிந்துவிடும். அதன்பின் அவள் மனம் திறப்பதில்லை. காத்திருந்து அவள் பேச விரும்பும்போது கேட்பவர்க்கே அவள் தன் அச்சத்தைக் காட்டுகிறாள். கிடைப்பதை உடனே பெறுதலே வெற்றி என்று பிற இடங்களில் பழக்கும் ஒரு கலைவடிவம், இங்கே பெறுதலையே இழப்பாக்குகிறது.

இரண்டாவது, சமாரா. நூற்றாண்டுகள் பல வாழ்ந்து, கடுமையான அறநெறி ஒன்றை ஏற்று நடப்பவள். இரண்டாம் பகுதியில் ஷெப்பர்ட் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும்போது, அவள் அதனை இகழாமல் உணர்ந்து, தன் நெறியின் பொருட்டு விலகிக்கொள்கிறாள். எத்தனை புள்ளிகள் இருப்பினும் இம்மறுப்பு மாறுவதில்லை.

மூன்றாவது, ரன்னோக் கோளில் நிகழ்வது. குவாரியர்களுக்கும் அவர்கள் படைத்த கெத் என்னும் இயந்திர இனத்திற்கும் இடையே மூன்று நூற்றாண்டுப் பகை. மூன்றாம் பகுதியில் ஷெப்பர்ட் கெத் இனத்தின் பக்கம் நின்று குவாரியர் படை அழியவிட்டால், டாலி தன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குன்றின்மேலிருந்து விழுந்து இறக்கிறாள். அவள் ஷெப்பர்டின் காதலியாயினும் இம்முடிவு மாறாது. காதல் அவளைக் கட்டிவைக்கவில்லை. தன் மக்களின் அழிவுக்குக் காரணமானவரின் அன்பில் வாழ அவள் மறுக்கிறாள். இருதரப்பையும் இணக்கும் வழி ஒன்று இருக்கிறதெனினும், அது அந்நேரத்துப் பேச்சுத்திறத்தால் மட்டும் கிடைப்பதன்று. முன் பகுதியிலிருந்தே எடுத்த பல முடிவுகளைப் பொறுத்தது.

நான்காவது, கேரஸும் டாலியும். முதல் பகுதியில் இவ்விருவரும் காதலுக்குரியோராக அமைக்கப்படவில்லை. ஆடியவர் பலரின் உவப்பைப் பெற்ற இவர்கள் இரண்டாம் பகுதியில் காதல் வரிசையில் இடம்பெற்றனர். ஷெப்பர்ட் இவ்விருவருள் எவரையும் காதலிக்காத ஆட்டத்தில், மூன்றாம் பகுதியின் பிற்பகுதியில் அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்கின்றனர். ஷெப்பர்ட் எதிர்பாராமல் அவ்விடம் செல்லும்போது இருவரும் தழுவி நிற்பதைக் காண்கிறார். மறுப்பு இங்குச் சொல்லாக வரவில்லை. நம் விருப்பத்திற்கு வெளியேயும் இவர்களுக்கு வாழ்வுண்டு என்பதை உணர்த்தும் சிறு காட்சி இது. பிறரைத் தம் கதையின் துணைமாந்தராக மட்டும் காணும் மனநிலைக்கு இதனினும் மென்மையான மருந்து வேறில்லை.

ஐந்தாவதாகிய ஜேக்கப்பின் நிகழ்வு முரணானது. இரண்டாம் பகுதியில் பெண் ஷெப்பர்ட் அவனைக் காதலித்திருந்தாலும், மூன்றாம் பகுதியில் அவன் வேறொரு பெண்ணோடு வாழ்ந்து, அவளோடு குழந்தையை எதிர்நோக்கியிருக்கிறான். இதுவும் மறுப்பே. ஆயினும் டாலியின் மறுப்பை ஏற்றுக்கொள்ளும் மனம் இதனை ஏற்க மறுக்கிறது. அதற்குக் காரணம் காதலியை விட்டு நீங்கியது மட்டுமன்று. டாலியின் முடிவுக்கு வேண்டிய காரணங்கள் முதல் பகுதியிலிருந்தே விதைக்கப்பட்டன. ஜேக்கப்பின் மனமாற்றத்திற்கான காரணங்களோ சில தொடர்களில் சொல்லி முடிக்கப்பட்டன. மறுப்பு இருந்தால் போதாது. அது மறுப்பவரின் வாழ்விலிருந்து எழுந்ததாகவும் இருக்கவேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. ஆசிரியரின் வசதிக்காக எழுந்த மறுப்பு, ஆடுபவரின் வசதிக்காக எழுந்த இசைவைப் போன்றே மனமற்றது.

மறுப்பு அன்பிற்குப் பகையன்று என்பதை நம் மரபு நன்கு அறியும். ஊடலை மருதத்திற்கு உரிப்பொருளாக்கி, வாயில் மறுத்தலைத் தனித்துறையாக வளர்த்தது அகமரபு. திருக்குறளின் இறுதி அதிகாரம் ஊடலுவகை. தலைவி வாயில் மறுக்கும் உரிமை உடையவளாக இருப்பதாலேயே அவள் வாயில் நேரும்போது அது தலைவனுக்குப் பேறாகிறது. அவ்வுரிமை பரத்தையிற் பிரிவு என்னும் சமனற்ற சூழலுக்குள் சிறைப்பட்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் மறுக்கும் சொல்லுக்கு இலக்கியத்தில் நிலையான இடம் அளித்தது சிறிய செயலன்று.

இரு மறுவாதங்கள்

டாலியும் ஜாக்கும் மாந்தர் அல்லர். ஆகவே அவர்கள்பால் அறம் என்பதற்கே இடமில்லை என்பது முதல் மறுவாதம். அவர்களுக்குத் தீங்கிழைக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் நம் வினா அவர்களைப் பற்றியதன்று, ஆடுபவரைப் பற்றியது. விலங்குகளிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் கடுமை பழகுவர் என்று காண்ட் தம் விரிவுரைகளில் கூறினார். பழக்கத்தைப் பற்றிய இவ்வாதம், ஆற்றலில் ஐயத்திற்குரியதாயினும், முற்றும் தள்ளத்தக்கதன்று. ஒருவர் எத்தகைய அன்பைக் கற்பனையில் மீண்டும் மீண்டும் ஒத்திகை பார்க்கிறார் என்பது அவர் அன்பைப் பற்றி என்ன எதிர்பார்க்கிறார் என்பதோடு தொடர்புடையதே.

மறுப்பும் முன்னரே எழுதப்பட்டதுதானே, அதில் மட்டும் மனம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் மறுவாதம். இது வலிமையானது. சமாராவின் மறுப்பும் மிராண்டாவின் இசைவும் ஒரே வகையான கோப்பில் எழுதப்பட்ட தொடர்களே. ஆனால் இரண்டிற்கும் பின்னே எழுத்தாளர்கள் இருக்கின்றனர். ஆடுபவர் விரும்புவதை மட்டும் எழுதும்போது அவர்களின் மனம் ஆடுபவரின் விருப்பத்தில் கரைந்துவிடுகிறது. பாத்திரத்தின் நியாயத்தை எழுதும்போது, ஆடுபவருக்கு எதிரே வேறொரு மனம் நிற்கிறது. அது டாலியின் மனமாக இல்லாவிடினும், டாலியைப் போன்ற ஒருத்தி எவ்வாறு நினைப்பாள் என்று எண்ணிப்பார்த்த மனம். இலக்கியம் தரக்கூடிய எதிர்மனம் எப்போதும் அதுவாகவே இருந்திருக்கிறது.

இன்றைய பொருத்தம்

இவ்வினா விளையாட்டுகளோடு நின்றுவிடவில்லை. உரையாடும் செயற்கை நுண்ணறிவுத் தோழமையை வழங்கும் ரெப்ளிகா என்னும் செயலி 2017இல் வெளிவந்தது. அதன் காம உரையாடல் வசதி 2023 பிப்ரவரியில் நீக்கப்பட்டபோது, பயனர் பலர் அதனை உற்றவரின் இழப்பாகவே உணர்ந்து துயருற்றனர். அத்துயரை நகைத்தல் முறையன்று, தனிமை மெய்யானது. ஆனால் அச்செயலியில் நேர்ந்த முதற்பெரும் ‘மறுப்பு’ தோழமையிடமிருந்து வரவில்லை, நிறுவனத்தின் முடிவாக வந்தது என்பது சிந்திக்கத்தக்கது. மாஸ் எஃபெக்ட் முடிவுள்ள கதை. அதில் தோழர் இறப்பர், மறுப்பர், வேறொருவரை நாடுவர். முடிவற்று, சலிப்பற்று, பயனரின் விருப்பத்திற்கேற்ப வளைந்துகொடுக்கும் உரையாடலுக்கு அத்தகைய எல்லை இல்லை. மறுமொழி பெற்ற கைக்கிளையின் முழுவடிவம் அதுவே ஆகலாம். அதனை மதிப்பிடும் அளவுகோலை உருவாக்கவேண்டிய காலம் இது. அக்கடமையில் இலக்கிய ஆய்வாளர்க்குப் பங்கில்லை என்று சொல்வதற்கில்லை.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். விளையாட்டுத் தோழரிடம் ஆடுபவர் கொள்ளும் அன்பு, மறுமொழி உண்டாயினும் எதிர்மனம் இன்மையால் கைக்கிளையின் புதியதொரு வகையாகும். எனினும் அதில் நலம் நாடுதல் இருத்தலால் அதனைப் பொருளின்மேல் கொண்ட வெறும் விருப்பு என ஒதுக்க இயலாது. உவத்தல் அறிதலோடு சேராதபோது உவந்தவர்க்கே கேடாகும் என்பதை இறுதிப்பணி காட்டுகிறது. புள்ளிகளால் எவரையும் இசைவிக்கலாம் என்னும் விதி அன்பைக் கூலியாக்குகிறது. தம் வாழ்விலிருந்து எழும் காரணத்தோடு தோழர் மறுக்கும் இடங்களில்தான் விளையாட்டு அன்பின் இயல்பை அணுகுகிறது.

இரண்டாம் பகுதியில் ஷெப்பர்டின் அறை மேசைமீது முன்னைய காதலரின் படம் ஒன்று இருக்கிறது. ஷெப்பர்ட் புதியவர் ஒருவரை நாடினால் அப்படம் கவிழ்ந்து கிடக்கும். அதனைக் கவிழ்த்தது யார் என்று விளையாட்டு கூறுவதில்லை. அதற்காக எப்புள்ளியும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆடுபவர் அதனைக் காணாமலும் போகலாம். கண்டு ஒரு கணம் நின்றவர், பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்வதற்கும் ஒருவர்க்குக் கடப்பாடு உடையவராதற்கும் இடையே உள்ள தொலைவை உணர்ந்தவராவார். அவ்வுணர்வை எந்த விதியாலும் கட்டாயப்படுத்த முடியாது என்பதே அதன் மதிப்பு.